நியூயார்க் சைனாடவுன் பேக்கரி: எப்போது போவது, எதை எடுப்பது, எப்படிக் கேட்பது

மன்ஹாட்டனில் ஒரு ஆள் இரண்டு பன்னும் ஒரு டீயும் சாப்பிட்டு ஏழெட்டு டாலருக்குள் பசியாறி வெளியே வரும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. சைனாடவுன் பேக்கரிகள் அந்தக் கணக்கை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஒரு பன் பெரும்பாலும் ஒன்றரை டாலரிலிருந்து மூன்று டாலருக்குள் கிடைக்கும். ஆனால் மலிவாகக் கிடைப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. எந்தக் கடை என்று தேடுவதைவிட, அந்தத் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்ப்பதே முக்கியம். பெயர்பெற்ற கடையில் ஆறு மணி நேரம் கிடந்த பன்னைவிட, பெயர் தெரியாத கடையில் பத்து நிமிடத்துக்கு முன் இறக்கிய பன் எப்போதும் மேல். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகிறது.

விலை ஏன் குறைவு என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் புரியும். கடையின் முக்கால்வாசிப் பன்களுக்கு மாவு ஒன்றே. ரொட்டி மாவு, பால் பவுடர், முட்டை, சர்க்கரை, ஈஸ்ட், கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மென்மையான இனிப்பு மாவு அது. பூரணத்தையும் மேல்பூச்சையும் மாற்றினால் இருபது வகை வந்துவிடும். பல கடைகளில் இந்த மாவுக்குள் ஒரு கூழும் சேரும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி, 65 டிகிரி செல்சியஸ் வரை கிளறிக் கெட்டியாக்கிய கூழ் அது. கூழில் வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பன் பஞ்சுபோல இருக்கும், மறுநாளும் சீக்கிரம் வறளாது. குறுகலான கடை, நாள் முழுக்க ஓடும் வியாபாரம், ஆடம்பரமில்லாத காகிதப் பை இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த விலை.

எங்கே இறங்குவது

மன்ஹாட்டனுக்கு முதன்முறை போகிறவர்கள் கனால் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்குவது வசதி. அங்கிருந்து மாட் தெரு, பேயார்ட் தெருவெல்லாம் சில நிமிட நடை. இந்தப் பகுதிப் பேக்கரிகள் ஹாங்காங், தென் சீனாவின் கான்டன் பாணி. 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு அங்கிருந்து வந்த மக்களோடு வந்தவை. கனால் தெருவில் தாய் பான், மாட் தெருவில் ஃபே டா, பேயார்ட் தெருவில் மே லாய் வா ஆகியவை எல்லோரும் சொல்லும் பெயர்கள். மே லாய் வாவில் பன்றி இறைச்சி வைத்த, மேலே மொறுமொறு ஓடு போட்ட போலோ பன்னுக்காக வார இறுதியில் தெருவரை வரிசை நிற்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் அந்த வரிசையில் நிற்பது வீண்.

ஈஸ்ட் பிராட்வே நிலையத்தில் இறங்கினால் சீனாவின் ஃபூஜோ நகரத்திலிருந்து வந்த மக்கள் வாழும் பகுதி. இங்கே நடுவில் ஓட்டை போட்ட, கையகலக் கெட்டி ரொட்டி கிடைக்கும். பெயர் குவாங் பிங். 16-ஆம் நூற்றாண்டுத் தளபதி ச்சீ ஜிகுவாங்கின் படைவீரர்கள் இதைக் கயிற்றில் கோத்து எடுத்துப்போனார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களின் வழக்கு. இனிப்பே பிடிக்காதவர்களுக்கு இது நல்ல தேர்வு.

குவீன்ஸ் பகுதியில் 7-ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தம் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். இங்கே தைவான் பாணியும் கலந்திருக்கும். கடைகள் சற்று விசாலம், விலை சற்று அதிகம். பௌன் தெருவிலுள்ள மகா வல்லப கணபதி கோயிலுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வழியிலேயே இருக்கிறது. ரயிலடியிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய இருபது நிமிட நடை. தரிசனம் முடித்துத் திரும்பும்போது பிற்பகல் தட்டு வரும் நேரம் சரியாக அமையும்.

எப்போது போவது

காலை ஏழரையிலிருந்து பத்து வரை முதல் நல்ல நேரம். எல்லா வகையும் இருக்கும், பெரும்பாலும் சூடாகவே இருக்கும். இரண்டாவது நல்ல நேரம் பிற்பகல் இரண்டரையிலிருந்து நாலரை வரை. மாலை டீக்காகப் பல கடைகள் மறுபடி சுடும் நேரம் அது. முட்டைக் கலவை நிரப்பிச் சுட்ட சிறு கிண்ணப் பலகாரமான முட்டை டார்ட்டும் போலோ பன்னும் வேண்டுமென்றால் இந்த இரண்டு நேரங்களில் மட்டும் போங்கள். சனி, ஞாயிறு நண்பகல் கூட்டம் தாங்காது; நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்க இடமே இருக்காது.

மாலை ஆறுக்கு மேல், மிஞ்சிய பன்களை மூன்று நான்காகப் பையில் கட்டி விலை குறைத்து வைக்கும் கடைகள் உண்டு. சிவப்புப் பயறு, தேங்காய்ப் பூரணம் வைத்த பன்களை அப்போது தாராளமாக வாங்கலாம். ஒரு நாள் தாங்கும். க்ரீம் வைத்தது, டூனா வைத்தது, முட்டை டார்ட் இவற்றை அந்த நேரத்தில் தொடாதீர்கள்.

காசு

சில்லறையோடு போங்கள்; ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டுகள் போதும். பல கடைகளில் பத்து டாலருக்குக் கீழே கார்டு வாங்குவதில்லை, சட்டப்படி கிரெடிட் கார்டுக்கு அவர்கள் அப்படி வரம்பு வைக்கலாம். நகரச் சட்டப்படி 2020-லிருந்து எந்தக் கடையும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது. அதனால் ரொக்கம் எங்கும் செல்லும். சூடாக்காமல் எடுத்துப்போகும் பன்னுக்கு விற்பனை வரி கிடையாது. உட்கார்ந்து சாப்பிட்டாலோ சூடான பானம் வாங்கினாலோ 8.875 சதவீதம் சேரும். ரசீதில் தொகை கொஞ்சம் கூடத் தெரிந்தால் காரணம் இதுதான். கவுன்டரில் வாங்கிப் போவதற்கு டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். மேசைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தால் ஒரு டாலர் வைத்துவிட்டு எழுவது நல்லது.

உள்ளே நுழைந்ததும்

இரண்டு விதக் கடை உண்டு. முதல் விதத்தில் வாசலருகே பிளாஸ்டிக் தட்டும் இடுக்கியும் அடுக்கியிருக்கும். தட்டின்மேல் காகிதம் விரித்து, அலமாரிக் கதவைத் திறந்து நீங்களே எடுக்க வேண்டும். பன்னை இடுக்கியால் அழுத்திப் பார்க்கக் கூடாது. அடியில் லேசாகக் கொடுத்துத் தூக்குங்கள், பக்கவாட்டில் நசுக்கினால் பூரணம் பிதுங்கிவிடும். எடுத்ததைத் திரும்ப வைப்பது மரியாதையில்லை. அதனால் முதலில் ஒரு சுற்று சும்மா பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில் எடுங்கள். அலமாரிக் கதவை உடனே மூடுங்கள், உள்ளே இருக்கும் சூடு போய்விடும்.

இரண்டாவது விதத்தில் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால், எடுத்துக் கொடுப்பது விற்பவர். இங்கே வரிசை வேகமாக நகரும். உங்கள் முறை வரும்போது யோசிக்கத் தொடங்கினால் பின்னால் நிற்பவர் முந்திக் கேட்டுவிடுவார். அது முரட்டுத்தனமில்லை, அங்கத்திய வேகமே அப்படி. வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்து, விரலால் காட்டி எண்ணிக்கை சொல்லுங்கள். ஆங்கிலமே போதும். கான்டன் மக்களின் மொழியான கான்டனீஸில் சொல்ல வேண்டுமானால் ஒன்றுக்கு 'யாட் கோ', இரண்டுக்கு 'லெயுங் கோ', மூன்றுக்கு 'சாம் கோ'. வாங்கிக்கொண்டதும் 'ம் கோய்' என்றால் நன்றி. விற்கும் அக்கா முகத்தில் சிரிப்பு வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள். காலையிலிருந்து நூற்றுக்கணக்கான பேருக்குப் பை போட்டுக் கொடுத்த கை அது.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இப்போது சூடாக இருப்பது எது? அதைக் கேட்டு, அவர் காட்டுவதை வாங்குங்கள். மனதில் வேறொன்று இருந்தாலும் சரி.

தலையைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்வது

பெயர்ச்சீட்டு எல்லாத் தட்டிலும் இருக்காது. ஆனால் பன்னின் மேற்புறமே பாதி சொல்லிவிடும்.

மேலே மஞ்சள் நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்த ஓடு இருந்தால் அது போலோ பன். ஆங்கிலச் சீட்டில் அன்னாசிப் பன் என்றிருக்கும், உள்ளே அன்னாசி கிடையாது. பழத்தின் தோல் மாதிரி தெரிவதால் வந்த பெயர். சர்க்கரை, கொழுப்பு, மாவு, முட்டை மஞ்சள்கரு சேர்த்த பிஸ்கட் மாவில், உப்ப வைக்கும் பேக்கிங் அம்மோனியா போட்டுப் பன்மேல் விரிப்பார்கள். அடுப்புச் சூட்டில் அது பரவி வெடிக்கும். நல்ல போலோ பன்னை எடுக்கும்போதே ஓட்டிலிருந்து பொடி உதிர வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தில் பன்னின் ஈரத்தை ஓடு உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். தொட்டால் விரலில் ஒட்டினால் அது பழசு. சூடான போலோ பன்னைப் பிளந்து, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு ஒன்றைக் கனமாகச் செருகித் தருவது 'போலோ யாவ்'. வெண்ணெய் உருகி முடிவதற்குள் சாப்பிட வேண்டும், எடுத்துப்போக ஏற்றதில்லை. இந்தப் பன்னின் செய்முறை ஹாங்காங் அரசின் 2014-ஆம் ஆண்டு மரபுக் கலைப் பட்டியலில் இடம்பெற்றது.

நீள்வட்டமாக, இரு முனையிலும் வெளுத்த கோடு போட்டு எள் தூவியிருந்தால் காக்டெயில் பன். உள்ளே தேங்காய்த் துருவல், வெண்ணெய், சர்க்கரை சேர்ந்த பூரணம். 1950-களில் ஹாங்காங்கில், விற்காத பன்களை வீணாக்காமல் அரைத்துப் பூரணமாக்கியதில் பிறந்தது என்பார்கள். தமிழ் நாக்குக்கு முதல் தடவையிலேயே பிடிப்பது இதுதான். நீளமாகப் பிளந்து வெள்ளைக் க்ரீம் பிழிந்து தேங்காய் தூவியிருப்பது வேறு. அது க்ரீம் பன். மேலே சுருள் சுருளாக மாவு சுற்றி நடுவில் சாஸேஜ் எட்டிப் பார்ப்பது சாஸேஜ் பன். நடுவில் கறுப்பு எள் வைத்துத் தட்டையாக இருப்பது பெரும்பாலும் சிவப்புப் பயறு. வழவழவென்று தேன் தடவிப் பளபளக்கும் உருண்டை பெரும்பாலும் சா சியு, அதாவது இனிப்பு மசாலாவில் வாட்டிய பன்றி இறைச்சி. அடையாளம் கடைக்குக் கடை மாறும் என்பதால், உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இதை நம்பி மட்டும் எடுக்கக் கூடாது, கேட்டுவிட வேண்டும்.

முட்டை டார்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாறுவார்கள். ஓடு இரண்டு வகை. ஒன்று பிஸ்கட் மாதிரி நொறுங்கும், இன்னொன்று அடுக்கடுக்காக உதிரும். நடுவில் முட்டை, சர்க்கரை, டப்பாப் பால். மேற்பரப்பு கண்ணாடிபோல மின்ன வேண்டும், தட்டை அசைத்தால் நடுப்பகுதி லேசாக ஆட வேண்டும். மேலே சிறு துளைகளோ குமிழிகளோ தெரிந்தால் அடுப்புச் சூடு அதிகம்; முட்டை திரிந்து, வாயில் திப்பிதிப்பியாக இருக்கும். நடுவில் குழிந்து தோல் சுருங்கியிருந்தால் நேரமாகிவிட்டது. சுட்டு இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவது உத்தமம், அதற்குமேல் அடி நமுத்துவிடும். மேலே கறுப்புப் புள்ளிகளாகக் கருகியிருப்பது கெட்டுப்போனதல்ல. அது மக்காவ் வகை. ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989-இல் மக்காவின் கொலோவான் தீவில் திறந்த பேக்கரியிலிருந்து பரவியது. அந்தக் கருகல்தான் அதன் ருசி.

காகிதக் கூம்பில் உயர்ந்து நிற்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் கேக் எளிமையானது, மலிவானது, குழந்தைகளுக்கு ஏற்றது. சூடாக இருக்கும்போது காகிதத்தைக் கிழித்தால் உள்ளிருந்து ஆவி வரும். ஆறிய பிறகும் நன்றாகவே இருக்கும்.

சைவர்களுக்கும், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கும்

இறைச்சி தெரியாமல் இருப்பதால் அது சைவம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறக்குறைய எல்லாச் சுட்ட பன்னிலும் மாவில் முட்டை உண்டு, மேலேயும் முட்டை தடவியிருக்கும். முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு அடுத்த கேள்வி பன்றிக் கொழுப்பு. அடுக்கடுக்காக உதிரும் எதிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். வெண்பூசணி மிட்டாய்ப் பூரணம் வைத்த லோ போ பெங் என்னும் தட்டை ரொட்டியில் மரபுப்படி ஓடு பன்றிக் கொழுப்பில்தான். முட்டை டார்ட்டின் அடுக்கு ஓட்டிலும் கேட்க வேண்டும். சிவப்புப் பயறுப் பூரணத்தையும் சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். வெங்காயத்தாள் பன் பச்சையாகத் தெரிந்தாலும் ஊடே ஹாம் என்னும் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். ஆங்கிலச் சீட்டில் 'curry' என்றிருக்கும் மசாலாப் பன் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. மேலே பழுப்பு நூலிழைபோலத் தூவியிருப்பது உலர்த்திய பன்றி இறைச்சி. நுரைபோன்ற க்ரீம் அடுக்கு வைத்த மூஸ் கேக்கில், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

கேட்கும்போது சைவமா என்று கேட்காதீர்கள். இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் ஆம் என்று பதில் வந்துவிடும். பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஹலால் மட்டுமே சாப்பிடுபவர்கள் இந்தக் கடைகளில் தேநீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே இடுக்கி எல்லாத் தட்டிலும் புழங்கும்.

முட்டையும் பாலும் இல்லாமல் நிச்சயமாக ஒன்று வேண்டுமென்றால் 'பாக் டாங் கோ' தேடுங்கள். அரிசி மாவு, சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். புளிக்க வைத்து ஆவியில் அவித்த வெள்ளைக் கேக். நம் ஆப்பத்தின் நடுப்பகுதியைக் கனமாக்கி இனிப்பூட்டியது மாதிரி. முக்கோணமாகவோ சதுரமாகவோ வெட்டி வைத்திருப்பார்கள். வெட்டிய பக்கத்தைப் பாருங்கள்: கீழிருந்து மேல்வரை செங்குத்தான குழாய்க் கண்கள் நெருக்கமாக ஓட வேண்டும். கண்களே இல்லாமல் அடைந்திருந்தால் புளிப்பு சரியாக ஏறவில்லை. ரப்பர் மாதிரி இழுக்கும். நல்லதில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய புளிப்பு தெரியும். டிவிஷன் தெருவிலுள்ள ஃபாங் ஆன், 1933-இல் தொடங்கிய குடும்பத் தொழில், இதற்கும் சூடான டோஃபு இனிப்புக்கும் பெயர்பெற்றது. எள் உருண்டையிலும் முட்டை இல்லை. ஒட்டும் அரிசி மாவில் பயறுப் பூரணம் வைத்துப் பொரித்தது. ஆனால் அதே எண்ணெயில் இறைச்சிப் பலகாரமும் பொரிந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்க

ஹாங்காங் மில்க் டீ திடமான கறுப்புத் தேயிலையும் டப்பாப் பாலும் சேர்ந்தது. நம் டீயைவிடக் கசப்பும் கனமும் அதிகம், மசாலா எதுவும் கிடையாது. காபியும் டீயும் கலந்த 'யுன் யெயுங்' ஒருமுறையாவது குடித்துப் பார்க்க வேண்டியது. ஹார்லிக்ஸும் ஓவல்டினும்கூடப் பல கடைகளில் கிடைக்கும். கலந்து தரும்போதே சர்க்கரை போட்டுவிடுவார்கள். குறைவாக வேண்டுமானால் முன்கூட்டியே 'சியு டிம்' என்று சொல்லுங்கள். ஐஸ் போட்டால் விலை கொஞ்சம் கூடும்.

உள்ளே மேசை காலியாக இல்லாவிட்டால், நாற்காலி காலியாக இருக்கும் இடத்தில் கேட்டுவிட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வது அங்கே சாதாரணம். இடமே இல்லையென்றால் பேயார்ட் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் இடத்தில் கொலம்பஸ் பார்க் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். சுற்றிலும் பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

எடுத்துப்போவதும் மறுபடி சூடாக்குவதும்

சூடான பன்னைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் பத்தே நிமிடத்தில் ஆவி தண்ணீராகி ஓடு கரைந்துவிடும். காகிதப் பை கேளுங்கள், வாயைத் திறந்தே வையுங்கள். டார்ட்டுகளுக்கு அட்டைப் பெட்டி கேட்டு, படுக்கை வாட்டில் தூக்குங்கள். சாஸேஜ், டூனா பன்களையும் இனிப்புப் பன்களையும் தனித்தனிப் பையில் போடச் சொல்லுங்கள், வாசனை ஏறிவிடும்.

பூரணத்தில் இறைச்சி, முட்டை, க்ரீம் இல்லாத பன் அறை வெப்பத்தில் ஒரு நாள் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கெட்டியாகிவிடும், ஏனென்றால் மாவுச்சத்து மறுபடி இறுகுவது அந்தக் குளிரில்தான் மிக வேகம். அதிகம் வாங்கிவிட்டால் அன்றைக்கே ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். இறைச்சி, டூனா, முட்டை, க்ரீம் வகைகள் மட்டும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள்.

போலோ பன்னை 150 டிகிரி செல்சியஸ் அவனில் ஐந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து இரண்டு நிமிடம் விடுங்கள்; ஆறும்போதுதான் ஓடு மறுபடி மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஓடு நமுத்து, பன் ரப்பராகும். டார்ட்டுக்கு 160 டிகிரி செல்சியஸ், ஏழெட்டு நிமிடம். அவித்த பன்னை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்தாலே போதும். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டாமல் இருக்க மெல்லிய துணி கட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரிலிருந்து நேராக வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எள் உருண்டையை அன்றைக்கே முடித்துவிடுங்கள், மறுநாள் எப்படிச் சூடாக்கினாலும் ஓடு பழையபடி வராது.